கலாசாலை விருந்தும் விளையாட்டு வீரனும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரிய கலாசாலைகளிலே விளையாட்டுப் பந்தயங்களைக் காசு கொடுத்துக் காண்போர் பல்லாயிரவர். வெற்றி பெறும் குழுவால் கலாசாலைக்குப் பொருளும் புகழும் பெருகுமாதலின், உயர்தரப் பள்ளியில் நன்றாக ஆடும் பதினேழு வயதுச் சிறுவனைத் தம்பால் சேர்த்துக்கொள்ளப் பல கலாசாலைகள் போட்டியிடுகின்றன. அவனை வரவழைத்து விருந்தளிப்பது அப்போட்டியில் ஒரு முறை. அது தருமத்தோடு பொருந்துமோ என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

வருகையின் இயல்பை முதற்கண் அறிவோம். வழிச்செலவும் உணவும் உறைவிடமும் கலாசாலையின் பொறுப்பு. இரண்டு இரவு தங்கலாம். பயிற்சியாளர் பந்தய அரங்கைக் காட்டுவார். குழுவின் உடையை அணிவித்துப் படம் பிடிப்பர். மாலையானதும் அக்குழுவின் மாணாக்கன் ஒருவன் தோழனாக உடனிருந்து உபசரிப்பான். இதனை முற்றும் இகழ்தல் நேர்மையாகாது. ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள கலாசாலையைத் தன் செலவில் சென்று காண ஏழை வீட்டுப் பிள்ளையால் இயலுமோ? காணாமலே நான்கு ஆண்டுகளை ஒப்படைப்பதினும் கண்டு தெளிதல் நன்றன்றோ?

கேடு இரவிலே தோன்றிற்று. கொலராடோ சர்வகலாசாலைக்கு விருந்தினராக வந்த இளைஞரும் அதன் காற்பந்து வீரரும் 2001 டிசம்பரில் ஒரு வீட்டிலே தம்மைப் பலவந்தம் செய்தனர் என்று பெண்கள் இருவர் வழக்குத் தொடுத்தனர். வந்தவர்க்கு இன்பப்பொழுது காட்டுதல் அங்கே வழக்கமாக ஆதரிக்கப்பட்டது என்று கொள்ளச் சான்றுண்டு என 2007-இல் மேல்நீதிமன்றம் கூறிற்று. அவ்வாண்டிறுதியில் சர்வகலாசாலை 28,50,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இதற்கிடையே, 1906-இல் தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2004-இல் புதுவிதிகள் செய்தது. தனி விமானமும் ஆடம்பர வண்டியும் விலக்கப்பட்டன. மதுவையும் சூதையும் காமக்களியாட்டையும் தடுக்கும் ஒழுங்கை ஒவ்வொரு கலாசாலையும் எழுதி வைக்க வேண்டுமென விதித்தனர். ஆயினும் லூயிவில் சர்வகலாசாலையின் விடுதியில் விலைமகளிரைக் கொண்டு விருந்தினரை மகிழ்வித்த செய்தி 2015-இல் வெளிப்பட்டது. 2013-இல் அது பெற்ற கூடைப்பந்து வெற்றிப் பட்டம் 2018-இல் பறிக்கப்பட்டது. எழுதிய ஒழுங்கு விடுதியின் கதவருகே நின்றுவிட்டது போலும்!

உபசரிக்கும் மாணாக்கனைப் பற்றிச் சிந்திப்பார் அரியர். அவனுக்கும் வயது பத்தொன்பதோ இருபதோதான். வந்தவன் சேர்ந்தால் பயிற்சியாளர் மகிழ்வார். சேராவிடில் தன்மேல் குறை வருமோ என்று அஞ்சுவான். தன் முழங்கால் நோவையும், பயிற்சியால் தவறிப்போன பாடங்களையும் அவன் எடுத்துரைப்பானோ? மதுவின்றி, மாசின்றி நடந்த விருந்தும் இவ்விடத்தே பொய்யாகக் கூடும். உண்மையை மறைத்து இளையோன் ஒருவனைத் தீர்மானிக்கச் செய்தல் அவன் சுதந்தரத்தைக் களவாடுதலேயாம். இதற்கு விதி எழுதினார் இலர்.

2025 ஜூலை முதல் கலாசாலைகள் வீரருக்கு நேரே பணம் தரவும் இடமுண்டு. விலை வெளிப்பட்டால் விருந்தின் வேடம் கலையும் என்பர் சிலர். எமக்கு அந்நம்பிக்கை இல்லை. தொகை பெரிதாகுந்தோறும் உபசாரமும் இனிப்பாகும். அவ்விரண்டு நாளில் ஒரு மணி நேரமேனும், பயிற்சியாளர் அருகில்லாமல், காயமுற்று ஆட்டத்தை விட்டுப் படிப்பைத் தொடரும் ஒருவனோடு அச்சிறுவனைத் தனியே பேசவிடும் கலாசாலை எதுவோ, அதன் விருந்தை யாம் ஐயுறோம்.