வரி ஃபைல்களுக்கு தானா ஓடுற பேக்கப்: செட் பண்றது எப்படி?

ஜூலை மாசம் எனக்கு வர்ற போன்ல பல, "சார், பழைய கம்பெனி பேஸ்லிப் எல்லாம் அந்த லேப்டாப்லதான் இருந்துச்சு, அது போயிடுச்சு"ன்னுதான் ஆரம்பிக்கும்.

26ஏஎஸ், ஏஐஎஸ் தொலைஞ்சா கவலை இல்லை, வருமான வரி போர்ட்டல்ல திரும்ப எடுத்துக்கலாம். ஆனா வாடகை ரசீது, வீட்டுல செஞ்ச வேலைக்கான பில் இதெல்லாம் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கும். வேலையை விட்டதும் பேரோல் லாகினும் போயிடும். மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சு 3 வருஷம் 3 மாசம் வரைக்கும் பழைய கணக்கைத் திரும்பத் திறந்து நோட்டீஸ் அனுப்பலாம். விடுபட்ட வருமானம் 50 லட்சம் அல்லது அதுக்கு மேலன்னா 5 வருஷம் 3 மாசம். அதுவரை ஆதாரம் பத்திரமா இருக்கணும்.

விண்டோஸ்லயே ரோபோகாப்பின்னு ஒரு கமாண்ட் இலவசமா இருக்கு. நோட்பேட்ல ஒரே வரி எழுதணும்: ரோபோகாப்பி, அடுத்து உங்க வரி ஃபோல்டரோட பாதை, அடுத்து வெளி ஹார்ட் டிஸ்க்ல இருக்கற ஃபோல்டரோட பாதை, கடைசியா ஸ்லாஷ் போட்டு 'இ'. அந்த 'இ' இல்லன்னா உள் ஃபோல்டர்கள் போகாது. பாதையில ஸ்பேஸ் இருந்தா டபுள் கோட்ஸ் போடுங்க. இதை பேட் ஃபைலா சேவ் பண்ணணும். எழுத்து எழுத்தா வீடியோல காட்டியிருக்கேன்.

இணையத்துல நிறைய பேர் 'இ'க்குப் பதிலா 'மிர்' போடச் சொல்வாங்க. போடாதீங்க. நான் போட்டு மாட்டிக்கிட்டேன். லேப்டாப்ல ஒரு வருஷத்தோட ஃபோல்டரைத் தெரியாம அழிச்சுட்டேன். அன்னிக்கு ராத்திரி ஸ்கிரிப்ட் ஓடி, ஹார்ட் டிஸ்க்லயும் அதை அழிச்சுடுச்சு! மிரர்னா அதுதான் அர்த்தம், அது மேல தப்பு சொல்ல முடியாது. 'இ' மட்டும் போட்டா எதையும் அழிக்காது. ஆனா மாறின ஃபைல் பழசு மேலயே எழுதப்படும். அதனால ஏப்ரல் பிறந்ததும் ஹார்ட் டிஸ்க்ல புது ஃபோல்டர் தொடங்கி, ஸ்கிரிப்ட்ல பாதையை மாத்திடுங்க.

அடுத்து டாஸ்க் ஷெட்யூலர். 'கிரியேட் பேசிக் டாஸ்க்'ல வாராவாரம் ஞாயிறு சாயங்காலம்னு வெச்சு, அந்த பேட் ஃபைலைக் காட்டுங்க. இதோட நிறுத்திட்டா பல வாரம் ஓடாமலே போகலாம். காரணம் ரெண்டு. சார்ஜர் சொருகியிருந்தாத்தான் ஓடும்னு ஒரு டிக் முன்னாடியே போட்டிருக்கும், 'கண்டிஷன்ஸ்'ல போய் எடுத்துடுங்க. அந்த நேரத்துல லேப்டாப் ஆஃப்ல இருந்தா அந்த வாரம் அவ்வளவுதான்; 'செட்டிங்ஸ்'ல, தவறிப் போனா சீக்கிரமே ஓட்டுங்கற டிக்கைப் போடுங்க. ஹார்ட் டிஸ்க்கைச் சொருக வேண்டியது மட்டும் உங்க வேலை. முடிஞ்சதும் கழட்டிடுங்க, வைரஸ் வந்தா அதுவும் சேர்ந்து போகும்.

ரிசல்ட்ல 0எக்ஸ்1னு வந்தா பயப்படாதீங்க. ரோபோகாப்பி கணக்குல 1னா ஃபைல் காப்பி ஆயிருக்குன்னு அர்த்தம், 0ன்னா புதுசா எதுவும் இல்லை. 8 அல்லது அதுக்கு மேல வந்தாத்தான் கோளாறு.

மாசம் ஒரு தடவை ஹார்ட் டிஸ்க்ல இருந்து ஏதாவது ஒரு பழைய பேஸ்லிப்பைத் திறந்து பாருங்க. அப்பதான் பாஸ்வேர்ட் கேட்கும். அது பழைய கம்பெனி எம்ப்ளாயி ஐடியா இருக்கும், உங்களுக்கு ஞாபகமே இருக்காது. அதையும் ஒரு நோட்ல எழுதி வெச்சுக்கோங்க.