குருந்தம்: ஒரு கனிமப் பெயரின் பொருளும் வழக்கும்

ஆய்வுச்சுருக்கம்

அறிவியலுலகம் ‘கொரண்டம்’ என ஒலிக்கும் கனிமப் பெயர், தமிழில் வழங்கிவந்த ‘குருந்தம்’ என்னும் சொல்லோடு தொடர்புடையது. ஆங்கிலத்தின் வழியே அது மீண்டும் தமிழுக்கு வந்தபோது அயற்சொல்லாகக் கொள்ளப்பட்டது. அப்பெயரின் பொருள், ஒலிமாற்றம், இன்றைய வழக்கு ஆகியவற்றைச் சேலம், நாமக்கல் நிலப்பகுதியின் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குருந்தம், குருவிந்தம், கனிமப் பெயர், கலைச்சொல்லாக்கம், மேச்சேரி

முன்னுரை

வட்டாரப் பெயர்கள் அறிவியலில் இடம்பெறும் முறை ஒன்றன்று. சேலம் மாவட்டத்து மேச்சேரி, ஒரு செம்மறியாட்டினத்தின் பெயராகக் கால்நடை அறிவியலில் நிலைபெற்றுள்ளது. இது இடத்தால் அமைந்த பெயர். சேர்வராயன் மலைத்தொடரில் மிகுந்துள்ள சார்னோக்கைட்டுப் பாறை, கொல்கத்தாவில் அடக்கமான சாப் சார்னாக் என்னும் ஆங்கில வணிகரின் பெயரைத் தாங்குகிறது. அவரது கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமசு ஹாலந்து இப்பெயரைச் சூட்டினார். இது ஆளால் அமைந்த பெயர். மூன்றாம் முறை அரியது: மண்ணின் மக்கள் பொருளுக்கு இட்ட பெயரையே அறிவியல் ஏற்றுக்கொள்வது. குருந்தம் இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது.

கனிமமும் களமும்

குருந்தம் என்பது படிக வடிவிலமைந்த அலுமினிய ஆக்சைடு. மோவின் கடினத்தன்மை அளவுகோலில் 9ஆம் இடம் இதற்குரியது. 10ஆம் இடத்திலுள்ள வைரம் ஒன்றே இதற்கு மேற்பட்டது. தூய நிலையில் நிறமற்றது. குரோமியம் சிறிதளவு கலப்பின் சிவந்து மாணிக்கமாகிறது. இரும்பும் தைத்தானியமும் கலப்பின் நீலக்கல்லாகிறது. ஒளி ஊடுருவாத எளிய வகை, தீட்டுவதற்கும் மெருகிடுவதற்கும் பயன்படுகிறது. குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்வது இந்திய மணித்தொழிலாளர் மரபு.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியில் இக்கனிமம் கிடைக்கிறது. 1898இல் ஹாலந்து இந்தியக் குருந்தத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். மேச்சேரிக்கு அண்மையிலுள்ள மேட்டூரில் இயங்கிய அலுமினிய ஆலை, சேர்வராயன், கொல்லி மலைகளின் பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரித்தது. அந்த அலுமினாவும் குருந்தமும் வேதியியலில் ஒரே சேர்மம். ஆயினும், ‘அலுமினா’ என்னும் சொல்லை அறிந்த இவ்வட்டார மாணவர்க்குக் ‘குருந்தம்’ அறிமுகமாவதற்கான வாய்ப்பு குறைவு. காரணம் பாடமொழியில் உள்ளது.

பெயரின் பயணம்

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜான் உட்வர்டு இக்கல்லைக் ‘கொரின்விண்டம்’ எனக் குறித்தார். 1798இல் சார்லசு கிரெவில் இலண்டன் அரச கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரை ‘கொரண்டம்’ என்னும் வடிவைப் பரவச் செய்தது. 1802இல் அதே இதழில் பூர்னோன் பிரபு, மாணிக்கமும் நீலமும் இக்கனிமத்தின் வகைகளே என விளக்கினார்.

இவ்விரு வடிவங்களும் இரு மூலங்களைச் சுட்டுகின்றன. முன்னதில் உள்ள வகர ஒலி ‘குருவிந்தம்’ என்பதற்கு நெருக்கமானது. பின்னது ‘குருந்தம்’ என்பதோடு பொருந்துகிறது. இந்தியில் ‘குரண்ட்’ என்னும் வடிவம் உண்டு. எனினும் ‘அம்’ ஈறு தமிழ், தெலுங்கு வழக்கையே காட்டுகிறது. அவ்வீறு இலத்தீன் அஃறிணைப் பெயர்களின் ‘உம்’ ஈற்றோடு எளிதில் இயைந்ததும் இப்பெயர் நிலைபெற உதவியிருக்கலாம்.

குருவிந்தம் வடமொழியிலும் வழங்குவது. வராகமிகிரரின் பிருகத் சம்கிதை, மாணிக்கம் பற்றிய பகுதியில் அதனைக் குறிப்பிடுகிறது. தமிழில், சிலப்பதிகார ஊர்காண் காதை மாணிக்க வகைகளுள் ஒன்றாக ‘விந்தம்’ என்பதைச் சொல்கிறது. உரையாசிரியர் அதற்குக் குருவிந்தம் எனப் பொருள் கொள்கிறார். திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலத்திலும் இப்பெயர் உண்டு. ‘குரு’ நிறத்தை உணர்த்தும் என்பது தொல்காப்பிய உரியியல் செய்தி. அவ்வுரிச்சொல்லே இப்பெயருக்கு வேர் எனக் கருத இடமுண்டு. ஆனால் ஒலியொப்புமை மட்டுமே சான்றாகாது.

பொருள் வேறுபாடு

தமிழ் வழக்கில் குருவிந்தம் மணியையும், குருந்தம் தீட்டுகல்லையும் பெரும்பாலும் குறிக்கின்றன. அணிகலனில் பதிப்பதும் அரிவாளைத் தீட்டுவதும் ஒரே பொருள் என அறிவியல் பின்னர் நிறுவியது. பெயர்களின் உறவைக் கொண்டு முன்னோர் இவ்வேதியியல் உண்மையை அறிந்திருந்தனர் என முடிவு செய்தல் பொருந்தாது. கடினமும் நிறமும் கண்ட தொழிலறிவின் பதிவாக அதனைக் கொள்வதே முறை.

குருந்தம் ஒரு மரத்தின் பெயருமாகும். ஆகவே மயக்கம் நேருமிடத்து, அகராதிகள் காட்டும் ‘குருந்தக்கல்’ என்னும் வடிவம் ஏற்றது.

இன்றைய வழக்கு

தமிழில் ‘ந்த’ என்பதன் பல்லொலி ஆங்கில எழுத்தில் ‘டி’ எனக் குறிக்கப்பட்டது. அதனைத் தமிழில் திரும்ப எழுதியோர் ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றி ‘ண்ட’ ஆக்கினர். முதலிலிருந்த உகரமும் ஒகரமாயிற்று. இவ்வாறு குருந்தம் ‘கொரண்டம்’ ஆனது. இதனைப் பாடநூலிற் காணும் மாணவர், சாணைக்கல்லோடும் மாணிக்கத்தோடும் அதனைத் தொடர்புறுத்த வழியில்லை. கலைச்சொல் பொருளை விளக்குவதற்கு மாறாக மறைத்துவிடுகிறது.

முடிவுரை

சித்தம்பூண்டிக் குருந்தத்தின் தாய்ப்பாறைக் கனிமத்திற்கு ‘இந்தியானைட்’ என ஒருகாலத்தில் பெயரிடப்பட்டது. அது அனார்த்தைட்டே எனத் தெளிந்தபின் நாட்டின் பெயரால் அமைந்த அச்சொல் வழக்கொழிந்தது. மக்கள் வழங்கிய குருந்தமோ உலக வழக்கில் நிற்கிறது. எனவே தமிழ்ப் பாடநூல்கள் கனிமத்தின் பொதுப்பெயராகக் ‘குருந்தம்’ என்பதையும், அதன் செந்நிற, நீலநிற வகைகளுக்கு முறையே மாணிக்கம், நீலம் என்பவற்றையும் ஆளுதல் தக்கது. இது புதுச்சொல் படைப்பதன்று; இருக்கும் சொல்லை அதன் ஒலியோடு மீட்டுக்கொள்வதாகும்.