திரவ விசையை ஆளும் வால்வுகள்



சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை செல்லும் வழித்தடம், நமது நாவலூரில் உயர்மட்டப் பாதையாகக் கட்டப்பட்டு வருகிறது. அத்தகைய பணிகளில் துளையிடும் இயந்திரம், மண் அள்ளும் ஜே.சி.பி., பாரம் தூக்கும் கிரேன், டிப்பர் லாரி ஆகியவை உழைப்பதைக் காண்கிறோம். இவற்றின் இரும்புக் கைகளுக்குத் தசையாக இருப்பது எண்ணெய். அந்தத் தசைக்குக் கட்டளையிடுபவை வால்வுகள். அவற்றைப் பற்றி அறிந்துகொள்வோம்.

பாஸ்கல் விதி

பிரான்சு நாட்டு அறிஞரும் ஆழ்ந்த இறைப்பற்று உடையவருமான பிளேஸ் பாஸ்கல் (1623–1662), மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மீது தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று கண்டறிந்தார். இவ்விதியைக் கொண்டு 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரமா நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார்.

5 சதுர செ.மீ. பரப்புள்ள சிறிய பிஸ்டனை 10 கிலோ எடையால் அழுத்தினால், 500 சதுர செ.மீ. பரப்புள்ள பெரிய பிஸ்டன் 1000 கிலோவைத் தூக்கும். ஆனால் பெரியது 1 செ.மீ. உயர, சிறியது 100 செ.மீ. இறங்க வேண்டும். உழைப்பின்றி ஊதியம் இல்லை என்பது இயற்கைக்கும் பொருந்தும்!

இவ்வளவு பெரிய விசை எந்தப் பக்கம் செல்வது, எவ்வளவு வேகத்தில் செல்வது, எந்த அளவோடு நிற்பது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடையாக மூவகை வால்வுகள் உள்ளன.

1. திசையை ஆளும் வால்வுகள்

இவற்றுள் எளியது ஒருவழி வால்வு. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு நீரை மேலே விடும். கீழே திரும்ப விடாது. நம் இதயத்திலும் இறைவன் இத்தகைய நான்கு வால்வுகளை அமைத்திருக்கிறார்.

ஜே.சி.பி. ஓட்டுநர் அசைக்கும் நெம்புகோல், ஸ்பூல் எனப்படும் வெட்டுகள் கொண்ட உருளைத் தண்டை நகர்த்துகிறது. தண்டு ஒரு பக்கம் நகர்ந்தால் எண்ணெய் பிஸ்டனின் அடியில் சென்று கை உயரும். மறுபக்கம் நகர்ந்தால் கை இறங்கும். நடுவில் நின்றால் இரு வழிகளும் அடைபட்டுக் கை அப்படியே நிற்கும். தொழிற்சாலைகளில் இத்தண்டை மின்காந்தம் நகர்த்துவதும் உண்டு. அது சோலினாய்டு வால்வு.

2. ஓட்டத்தை ஆளும் வால்வுகள்

குழாயைச் சிறிது திறந்தால் வாளி மெதுவாக நிறையும். அதுபோல் எண்ணெய் செல்லும் வழியைக் குறுக்கினால் பிஸ்டன் மெதுவாக நகரும். ஆனால் பாரம் மாறினால் வேகமும் மாறிவிடும். அதைத் தடுக்க, அழுத்த வேறுபாட்டைத் தானே சரிசெய்து ஒரே ஓட்டத்தைத் தரும் வால்வுகளும் உள்ளன.

3. அழுத்தத்தை ஆளும் வால்வுகள்

பிரஷர் குக்கரில் அழுத்தம் மிகுந்தால் வெயிட் எழும்பி ஆவியை வெளியேற்றுகிறது. ரிலீஃப் வால்வும் அவ்வாறே. அழுத்தம் எல்லை மீறினால் ஸ்பிரிங் பின்வாங்கி, எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். குக்கரில் வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் அழுத்தமே மிகுதி. பெரிய மண் அள்ளும் இயந்திரத்திலோ 300 பாருக்கும் மேல் செல்லலாம். கூடுதல் பாரம் தூக்கும் ஆசையில் இந்த ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் முடுக்குவது, குக்கர் வெயிட்டின் மேல் அம்மிக்கல்லை வைப்பதற்கு ஒப்பாகும்.

ஒரு கிளைக்கு மட்டும் அழுத்தத்தைக் குறைத்துத் தருவது ரெடியூசிங் வால்வு. முதலில் பொருளை இறுகப் பிடித்து, பிறகே துளையிட எண்ணெயை விடுவது சீக்வென்ஸ் வால்வு. தூக்கிய பாரம் தன் எடையால் விழாதபடி தாங்குவது கவுன்டர்பேலன்ஸ் வால்வு. இதனைச் சிலிண்டரிலேயே பொருத்துவார்கள். ஹோஸ் வெடித்தாலும் சிலிண்டரிலுள்ள எண்ணெயை இது வெளியே விடாது. எனவே கீழே நிற்கும் தொழிலாளியின் உயிர் இச்சிறு வால்வை நம்பியிருக்கிறது.

மூன்றும் சேர்ந்தால்

2022 அக்டோபரில் மாதவரத்தில் 'நீலகிரி' என்னும் சுரங்கம் தோண்டும் இயந்திரம் பணியைத் தொடங்கியது. இவ்வகை இயந்திரங்கள், பின்னால் கட்டி முடித்த கான்கிரீட் வளையத்தைப் பல ஹைட்ராலிக் ஜாக்கிகளால் உதைத்துக்கொண்டு முன்னேறுகின்றன. ஒரு பக்க ஜாக்கிகளுக்குச் சற்றுக் கூடுதல் அழுத்தம் தந்தால் இயந்திரம் மறுபக்கம் திரும்பும். மண்ணுக்கடியில் வழி தவறாமல் செல்வதும் வால்வுகளின் கட்டுப்பாட்டினால்தான்.

நாம் நினைவில் கொள்ள வேண்டியவை

தூக்கி நிற்கும் டிப்பர் தொட்டியின் அடியிலோ ஜே.சி.பி. கையின் அடியிலோ ஒருபோதும் நிற்கக்கூடாது. வால்வு இருந்தாலும், முட்டுக் கொடுக்காமல் எவரும் அடியில் சென்று பழுது பார்க்கக்கூடாது. ஹோஸில் கசிவு இருந்தால் கையால் தடவிப் பார்க்கக்கூடாது. ஊசித் துளையிலிருந்து சீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நம் தந்தையரும் அண்ணன்மாரும் இத்தகைய இயந்திரங்களோடு பணிபுரிந்தால், இதனை இன்றே வீட்டில் சொல்வோம்.

முடிவுரை

எண்ணெய்க்கு வலிமை தருவது பம்பு. அதற்கு நல்வழி காட்டுவது வால்வு. எங்கே செல்வது, எவ்வளவு விரைவது, எங்கே நிற்பது என்று அறியாத ஆற்றல் அழிவையே தரும். கல்வியால் நாம் பெறும் ஆற்றலும் அவ்வாறே. ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் மாணவியரும் இத்துறையைக் கற்கலாம். இயந்திரத்தைக் கண்டு வியந்தால் மட்டும் போதாது, அதனை ஆளவும் கற்போம், தோழியரே!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி