உத்திரம் துளைக்கும் கருவண்டு

பாலாற்றை அடுத்த வாலாஜாபாத், ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை முதலிய ஊர்களில் நெசவு செய்யும் அங்கத்தினர் பலருக்கு வீடே தறிக்கூடம். கூடத்தில் குழித்தறி, அதற்குமேல் மூங்கிலும் பனஞ்சட்டமும் தாங்கும் கூரை. இந்த மரங்களில் கருவண்டு துளையிடுமானால் மரத்தூள் நேரே பாவின்மேல் உதிரும். வண்டின் மஞ்சள் நிறக் கழிவு பட்டில் பட்டால் கறையாகும். பல நாள் உழைப்பில் உருவான சேலை ஒரு கறையால் மதிப்பிழக்கக் கூடும்.

ஆனால் இதே வண்டு, பயிர் செய்யும் அங்கத்தினரின் கத்தரித் தோட்டத்தில் கூலி கேளாத வேலையாள். நெசவாளர்க்கு இடையூறாகவும் உழவர்க்கு உதவியாகவும் உள்ள இப்பூச்சியை என் செய்வது? இதனை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

அடையாளம்

வண்டு என்று வழங்கினும் இது தேனீக் குலத்தைச் சேர்ந்தது. 1802ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் இவ்வினத்துக்கு 'ஸைலோகோப்பா' எனப் பெயரிட்டார். மரம் வெட்டுவோன் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பருத்த கரிய உடலும், வெயிலில் நீலமும் ஊதாவுமாக மின்னும் இறகுகளும் இதன் அடையாளம்.

மரத்தைக் கெடுப்பவை எல்லாம் கருவண்டு அல்ல. கரையான் மண்பூச்சு எழுப்பும். மூங்கிலை உளுக்கச் செய்யும் சிறு பூச்சியின் துளை குண்டூசித் தலையளவே இருக்கும். அதிலிருந்து மாவு போன்ற தூள் கொட்டும். கருவண்டின் துளையோ துரப்பணம் இட்டாற்போல் வட்டமாக, சுண்டுவிரல் நுழையும் அளவில் இருக்கும். கீழே விழும் தூள் ரம்பத்தூள்போல் பரும்படியாகக் காணப்படும்.

கதண்டையும் இதனையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. கதண்டு கூட்டமாகக் கொட்டும், உயிர்ச்சேதமும் நேர்ந்ததுண்டு. அதன் கூட்டைக் கண்டால் நாமே கலைக்க முற்படாமல் தீயணைப்பு நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

வாழும் முறை

கருவண்டு மரத்தைத் தின்பதில்லை. பெண் வண்டு தன் தாடைகளால் மரத்தைக் குடைந்து, சிறிது தூரம் உட்சென்றபின் மரத்தின் ரேகை வழியே திரும்பிச் சுரங்கம் அமைக்கும். அதில் மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து உருண்டையாக வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இடும். மரத்தூளால் தடுப்புச் சுவர் எழுப்பும். இவ்வாறு அறை அறையாக வரிசை நீளும். சில வாரங்களில் குஞ்சுகள் வளர்ச்சியுற்று வண்டுகளாக வெளிவரும். மூங்கிலானால் குடையும் வேலையும் குறைவு. உள்ளே குழல் ஆயத்தமாக உள்ளது.

முகத்தெதிரே வந்து ரீங்காரமிட்டு மிரட்டுவது பெரும்பாலும் ஆண் வண்டு. அதற்குக் கொடுக்கே இல்லை. பெண் வண்டுக்குக் கொடுக்கு உண்டெனினும், கையில் பிடித்தாலன்றிக் கொட்டுவது அரிது. கொட்டுப்பட்டவர்க்கு மூச்சுத் திணறலோ, உடலெங்கும் தடிப்போ தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

சேதம் எத்தகையது?

ஒரு துளையால் உத்திரம் முறிந்துவிடாது. பழைய சுரங்கத்தையே அடுத்த தலைமுறையும் கைக்கொண்டு நீட்டிக்கொண்டே போவதில்தான் அபாயம் உள்ளது. ஆண்டுகள் செல்லச் செல்ல, வெளியே ஓரிரு துளை தெரியும் சட்டம் உள்ளே குழலாகிவிடும். மழைநீர் துளை வழியே இறங்கினால் மரம் உளுத்துப்போகும். ஜக்கார்டுப் பெட்டியின் பாரத்தைத் தாங்கும் மரத்திலும், கூரைக்கு ஆதாரமான மரத்திலும் துளை காணப்பட்டால் காலந்தாழ்த்தலாகாது. தட்டிப் பார்த்து வெற்றோசை எழுந்தால் தச்சரை அழைத்துக் காட்டி, முட்டுக்கொடுத்தோ, மாற்றியோ விடுக. தறியின் கீழ்க் குழியில் காலை வைத்து அமர்ந்திருப்பவர் சட்டென எழுந்து விலக இயலாது என்பதை நினைவிற் கொள்க.

பயிருக்கு நன்மை

கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனியில் சிறு துளை உண்டு. உப்புக்குடுவையைக் குலுக்கினாற்போல் பூவை அதிரச் செய்தால்தான் மகரந்தம் நன்கு உதிரும். வீட்டில் வளர்க்கும் தேனீயால் இவ்வேலை ஆகாது. கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கிறது. பசுந்தாள் உரத்துக்காக நாம் விதைக்கும் சணப்பின் பூ, எடைமிக்க வண்டு அமர்ந்து அழுத்தினாலன்றித் திறவாது. சணப்பில் விதை பிடிப்பதற்கும் இவ்வண்டு துணை செய்கிறது. பிரேசில் நாட்டில் பேஷன் பழத் தோட்டக்காரர்கள் இவ்வினத்துக்கென்றே மரக்கூடுகள் வைப்பதுண்டு.

செய்யத்தகாதன

துளையில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும், தீப்பந்தம் காட்டுவதும் சிலரது வழக்கம். உலர்ந்த மூங்கிலும் கீற்றும் நூலும் உள்ள வீட்டில் இது கூரைக்கே தீ வைப்பதாகும். பயிருக்கான பூச்சிமருந்தை வீட்டுக்குள் தெளிப்பதும் தீது. உண்பதும் உறங்குவதும் குழந்தை தவழ்வதும் அதே கூடத்தில்தான். பட்டுப்புழு வளர்ப்போரும் மல்பெரி பயிரிடுவோரும் அண்மையில் இருப்பின், மருந்தின் சிறு சாரலும் புழுக்களைக் கொன்றுவிடும்.

செய்யத்தக்கன

1. மூங்கில் வெட்டும்போது இருமுனையும் கணுவில் முடியுமாறு வெட்டுக. திறந்த முனையை மரக்கட்டையோ சிமெண்டுக் கலவையோ கொண்டு அடைக்க.

2. மரத்துக்கு எண்ணெய் வர்ணம் பூசுக. வர்ணம் பூசிய வழவழப்பான மரத்தை இவ்வண்டு பெரிதும் நாடுவதில்லை. மரத்தை அது தின்னாததால், உளுவுக்காக மரத்தில் ஊறவைக்கும் மருந்து இதற்கு முழுப்பயன் தராது. மேற்பூச்சே காவல்.

3. வண்டு உள்ளே இருக்கையில் துளையை அடைக்கற்க. அது வேறு புறம் குடைந்து வெளிவந்துவிடும். புதுத்தூள் விழுவதும் போக்குவரத்தும் நின்றபின், துளைக்கேற்ற மரமுளையைப் பசை தடவி இறுக்கி, மேலே மக்கு இட்டு வர்ணம் பூசுக.

4. அதுவரை தறிக்கு மேலே துணிப் பந்தல் கட்டுக. நெசவு நிறுத்திய வேளையில் பாவை மூடி வைக்க.

5. வயல் வரப்பருகே, மழை படாத இடத்தில், ஒரு முனை கணுவால் மூடிய உலர்ந்த மூங்கில் துண்டுகளைக் கட்டித் தொங்கவிடுக. பட்ட மரக்கட்டை ஒன்றையும் விட்டு வைக்க. அவ்விடம் பிடித்துப்போனால் வண்டு அங்கே குடியேறும். வீடு பிழைக்கும், கத்தரியும் காய்க்கும்.

கூட்டாகச் செய்க

ஒரு வீட்டில் மட்டும் துளையை அடைத்தால் வண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். தெரு முழுதும் ஒரே காலத்தில் செய்தல் நலம். வர்ணமும் மக்கும் மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். ஏணி ஒன்றும் தச்சர் ஒருவரும் தெருவுக்குப் பொதுவாக அமையட்டும். சங்கக் கட்டடத்தின் உத்திரங்களையும் நூற்கிடங்கையும் முதலிற் பார்த்துவிட்டு அங்கத்தினர் வீடுகளுக்குச் செல்வது முறை.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க:

1. நம் தெருவில் எத்தனை வீடுகளில் தறிக்கு மேலுள்ள மரத்தில் துளை உள்ளது?

2. அவற்றுள் பாரம் தாங்கும் மரங்கள் எவை? முதலில் எதைப் பழுது பார்ப்பது?

3. மூங்கில் கூடு தொங்கவிட எந்த அங்கத்தினரின் வயல் ஏற்றது?

4. பொதுச் செலவை நெசவாளரும் உழவரும் எவ்வாறு பகிர்ந்துகொள்வது?