கல்லும் களிமண்ணும் காட்டும் பாரசீகம்

கி. மு. 522 முதல் 486 வரை பாரசீகப் பேரரசை ஆண்ட முதலாம் தரியு மன்னன், பெகிஸ்தூன் மலைப்பாறையில் தன் வெற்றிகளை மூன்று மொழிகளிற் பொறிப்பித்தான். அகுர மஸ்தா என்னும் தெய்வத்தின் அருளாலேயே தான் அரசெய்தியதாகவும், கலகம் விளைத்தோர் பொய்யுரைத்தோர் எனவும் அதிற் கூறுகின்றான். ஆகவே, அரசனைப் பகைத்தல் மெய்யைப் பகைத்தலாக எண்ணப்பட்டமை நமக்குப் புலனாகின்றது.

நாடு பல மாகாணங்களாகப் பகுக்கப்பட்டுச் சத்திரப்பர் என்னும் ஆளுநர்வசம் விடப்பட்டது. சார்திஸ் நகரினின்று சூசா வரை சென்ற அரசபாட்டையில் 111 தங்குமிடங்கள் இருந்தனவென்று கிரேக்க ஆசிரியர் எரோதோத்தஸ் எழுதியுள்ளார்.

ஆயினும், குடிகளின் வாழ்வை நாம் அறிதற்கு, 1933-ஆம் ஆண்டு முதல் பெர்சிபொலிஸ் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட களிமண் ஏடுகளே துணையாவன. ஆடவர், பெண்டிர், சிறுவர் ஆகிய தொழிலாளர்க்கு அளந்த தானியம் அவற்றிற் குறிக்கப்பட்டுளது. மகவீன்ற தாயர்க்குத் தனிப்படி உண்டு. ஆண்மகவாயின், பெண்மகவுக்கு அளந்ததனினும் இருமடங்கு.

மலைக்கல்வெட்டு மன்னன் உலகறியச் சொன்னது. ஏடுகளோ கணக்கர் தம் கடமைக்கு எழுதியவை. ஓர் அரசின் நீதியை அளக்கப் புகுவோமாயின், அதன் புகழுரையையும் படியளந்த கணக்கையும் நாம் ஒருங்கே வைத்துப் பயிலுதல் வேண்டும்.