அம்மையார் கண்ட அகவின்பம்

அறுபத்து மூன்று நாயன்மார்களுள் பெண்கள் மூவர். அவர்களுள் காலத்தால் முந்தியவர் காரைக்கால் அம்மையார். கணவனின் துணையும் உடலின் அழகும் நீங்கிய பின்னரும் ஒரு பெண் தன்னுள் நிறைவு காணலாம் என்பதற்கு அவரது வரலாறு சான்றாகும்.

காரைக்காலில் வணிகர் தலைவன் தனதத்தனின் மகளாகப் பிறந்த இவரது இயற்பெயர் புனிதவதியார். கணவன் பரமதத்தன் அனுப்பிய இரு மாங்கனிகளுள் ஒன்றைப் பசித்து வந்த சிவனடியாருக்குப் படைத்தார். மற்றதை உண்ட கணவன் இரண்டாவதையும் கேட்க, இறையருளால் வேறொரு கனி கிடைத்தது. உண்மையை அறிந்த அவன் மனைவியைத் தெய்வமெனக் கருதி அஞ்சினான். வாணிகத்துக்கெனக் கப்பலேறியவன், பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதியாரின் பெயரையே இட்டான். உறவினர் அம்மையாரை அங்கு அழைத்துச் சென்றபோது, குடும்பத்தோடு வந்து அவரது காலில் வீழ்ந்தான்.

இங்கு சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அவன் அவரை வெறுக்கவில்லை, வணங்கினான். ஆயினும் மனைவியாக ஏற்கவில்லை. பிறர் தரும் இடம் உயர்வாயினும் தாழ்வாயினும் அவர்தம் எண்ணப்படி மாறக்கூடியது. அம்மையார் அவனிடம் இரந்து நிற்கவில்லை. அவனுக்காகத் தாங்கிய அழகை நீக்கிப் பேய்வடிவு தருமாறு இறைவனை வேண்டிப் பெற்றார். கண்டோர் அஞ்சி விலகினர். அவரோ அவ்வடிவுக்கு நாணவில்லை. தம் பதிகங்களில் தம்மைக் ‘காரைக்கால் பேய்’ என்றே குறித்தார்.

தலையால் நடந்து கயிலை சென்ற அவரை இறைவன் ‘அம்மையே’ என அழைத்தார். திருவாலங்காட்டில் திருக்கூத்துக் கண்டு பாடி இன்புற்றிருந்தார். அற்புதத் திருவந்தாதி 101, திருவிரட்டை மணிமாலை 20, மூத்த திருப்பதிகங்கள் 22 என அவரது பாடல்கள் 11ஆம் திருமுறையில் உள்ளன. பொலன்னறுவையில் கிடைத்த அவரது வெண்கலத் திருவுருவமும் மெலிந்த உடலும் கையில் தாளமுமாகவே விளங்குகின்றது. ஆடல் கண்டு தாளமிடும் அந்த நிலையே அவர் தேடிக்கொண்ட இன்பம்.

கணவனை இழந்தமையாலோ, பிரிந்தமையாலோ, மணமாகாமையாலோ மங்கல காரியங்களில் பின்னே ஒதுங்கி நிற்கும் பெண்கள் இன்றும் உளர். ஊர் தரும் ஒதுக்கம் அவர்களது மதிப்பின் அளவன்று. தம் திறமை, தொண்டு, வழிபாடு ஆகியவற்றில் அவர்கள் காணும் மகிழ்ச்சிக்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அவர்களை ஒதுக்குவோரும் ஒன்றை நினைத்தல் நன்று. ஊரார் அஞ்சி விலகிய வடிவையே இறைவன் தாயென அழைத்தார்.

பங்குனிச் சுவாதியில் அம்மையாரின் குருபூசை கொண்டாடும் இல்லந்தோறும் இவ்வுண்மை பேசப்படுவதாக. பெண்கள் யாவரும் அகத்தே அமைதி பெற்று இனிது வாழ அவரது திருவடிகள் துணைநிற்பனவாக.