டொமைன் வாங்கி விற்கலாமா?

எட்டயபுரத்துல சேலை விக்கிறவங்க யாருக்காவது உதவும்னு, 'எட்டயபுரம்சாரீஸ்.காம்' என்ற பெயரைப் பதிவு செய்றீங்கன்னு வைங்க. ஊர்ப் பெயரும் பொதுச் சொல்லும்தான். நாளைக்கு ஒரு கடைக்காரர் கேட்டால், கூடுதல் விலைக்கு விற்கலாம். இதுதான் டொமைன் மறுவிற்பனை. ஆனா அடுத்தவர் பிராண்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டு 'லட்சம் கொடு' என்றால், அதுக்குப் பேர் சைபர் ஸ்குவாட்டிங்.

கோடு எங்கே? சென்னை நிறுவனமான சத்யம் இன்ஃபோவே வழக்கைப் பாருங்க. தன் பெயரிலிருந்தே 'சிஃபி' என்ற சொல்லை உருவாக்கி, 1999-இல் அந்தப் பெயரில் டொமைன்கள் பதிவு செய்தது. 2001-இல் வேறொரு நிறுவனம், ஓர் 'எஃப்' கூட்டி அதே உச்சரிப்பில் பதிவு செய்தது. 2004-இல் உச்ச நீதிமன்றம், டொமைன் பெயருக்கும் வணிகக்குறி போலப் பாதுகாப்பு உண்டு என்று சத்யம் பக்கம் தீர்ப்பளித்தது.

.காம் தகராறுகளுக்கு யூடிஆர்பி என்ற விதி இருக்கு. புகார் செய்பவர் மூன்றைக் காட்டணும்: பெயர் அவர் குறியோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கு, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்தினீங்க. மூன்றும் நிரூபணமானால் பெயர் கைமாறும். போட்ட காசு போச்சு.

அதனால வாங்கும் முன் வணிகக்குறிப் பதிவேட்டில் தேடுங்க, இணையத்தில் இலவசம்தான். இன்னொரு கணக்கு: ஐம்பது பெயர் வாங்கி ஒன்றுகூட விற்கலைன்னாலும், ஐம்பதுக்கும் வருஷா வருஷம் நீங்கதான் புதுப்பிக்கணும்.